அவர் கடலில் விழுந்துவிட்டால்?

முப்பத்தைந்து அடிப் பாய்மரப் படகு. அதில் இருப்பது இரண்டே பேர், கணவனும் மனைவியும். கரை கண்ணிலிருந்து மறைந்து வெகுநேரமாகிறது. முன்பக்கத்துப் பாய் எதிலோ சிக்கிப் படபடக்கிறது. “இரு, என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்” என்று அவர் எழுந்து போகிறார். பக்கவாட்டில் ஓர் அலை வந்து படகைத் தூக்கிப் போடுகிறது. அவ்வளவுதான். அவர் நின்ற இடத்தில் இப்போது யாரும் இல்லை.

மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. நடுவே ஓர் அலை எழும்பினால் அதுவும் மறைந்துவிடும். படகில் மிஞ்சியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்ஜினைக் கிளப்பத் தெரியுமா? பாயை இறக்கத் தெரியுமா? படகைத் திருப்பி அவரிடமே கொண்டுவந்து நிறுத்தத் தெரியுமா? ரேடியோவில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியுமா? தெரியாதென்றால், தண்ணீரில் கிடப்பவர் இருபது வருட அனுபவசாலியாக இருந்தும் பயனில்லை. இனி அவர் உயிர் இருப்பது அவர் கையில் அல்ல.

கணவன் மனைவியாகச் சேர்ந்து கடலோடுவது சகஜமாக உள்ள இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. 1922-ல் தொடங்கப்பட்ட ‘குரூசிங் கிளப் ஆஃப் அமெரிக்கா’ இதற்கென்றே ஒரு பயிற்சி நடத்துகிறது. அதன் பெயர் ‘சடன்லி அலோன்’. திடீரென்று தனியாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பாடம். படகை ஓட்டுபவருக்கு மாரடைப்பு வரலாம், தலையில் அடிபடலாம், கடலில் விழலாம். அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர்தான் தலைவர். மனைவி படகை ஓட்ட, கணவர் உடன் போகும் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நடைமுறையில், ‘எனக்கு ஓட்டத் தெரியாது’ என்று சொல்ல நேர்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

அவர்களால் முடியுமா என்ற கேள்விக்குக் கடல் 1856-லேயே பதில் சொல்லிவிட்டது.

பத்தொன்பது வயதுக் கர்ப்பிணி

மேரி பேட்டன் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பிறந்தவர். பதினாறு நிரம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போதே ஜோஷுவா பேட்டன் என்ற கப்பல் தலைவருக்கு வாழ்க்கைப்பட்டார். 1855-ல் ‘நெப்டியூன்ஸ் கார்’ என்ற பெரிய பாய்மரச் சரக்குக் கப்பலின் பொறுப்பு ஜோஷுவாவுக்கு வந்தது. கப்பல் அவருக்குச் சொந்தமில்லை. அவர் தலைவர் மட்டுமே. மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டார். நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, சீனா, லண்டன் என்று உலகைச் சுற்றிய நீண்ட பயணம் அது. கப்பலில் ஒரு தலைவரின் மனைவி பொழுதைக் கழிக்கத் தையல் வேலை போதும் என்று அந்தக் காலம் நினைத்தது. மேரி வேறு வழியில் பொழுதைக் கழித்தார். சூரியனின் உயரத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுவதைக் கணவரிடம் கற்றுக்கொண்டார். ஜோஷுவாவும் அதைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்த மனிதருக்கு நாம் இங்கே ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

1856 ஜூலை 1. அடுத்த பயணம் நியூயார்க்கிலிருந்து தொடங்கியது. தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக வேண்டும். தென்கோளத்தில் அது குளிர்காலம். பனிப்புயல் வீசி, மலைபோல் அலை எழும்பும் பருவம். முதன்மை உதவி அதிகாரி காவல் நேரத்தில் தூங்கினார், சொன்ன வேலையைச் செய்யவில்லை. தலைவர் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார். அவர் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு இரவு பகலாக மேல்தளத்தில் நின்றார். காசநோய் ஏற்கெனவே உள்ளே அரித்துக்கொண்டிருந்த உடம்பு அது. கேப் ஹார்னை நெருங்கும்போது காய்ச்சல் மூளைக்கு ஏறி, நினைவு தப்பி விழுந்தார்.

இரண்டாம் அதிகாரி நல்ல மாலுமி. ஆனால் நிலையைக் கணக்கிட்டுத் திசை சொல்லத் தெரியாதவர். கப்பலில் அந்தக் கணக்கு தெரிந்தவர்கள் இனி இருவரே. ஒருவர் சிறையிலிருந்த அதிகாரி. இன்னொருவர் தலைவரின் மனைவி. மேரிக்கு அப்போது வயது 19. வயிற்றில் குழந்தை.

சிறையிலிருந்தவர் மேரிக்குக் கடிதம் எழுதினார். முன்னே இருக்கும் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லி, தன்னை மீண்டும் பதவியில் அமர்த்தும்படி கேட்டார். என் கணவர் உங்களை உதவி அதிகாரியாகவே நம்பவில்லை, நான் எப்படித் தலைவராக நம்புவது என்ற பொருளில் பதில் போனது. மாலுமிகளை மேல்தளத்தில் கூட்டி நிலைமையைச் சொன்னார். அவர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

மேல்தளத்தில் திசை பார்ப்பது, கீழே அறையில் கணவருக்கு மருந்து கொடுப்பது, கப்பலில் இருந்த மருத்துவப் புத்தகங்களைப் புரட்டி வைத்தியம் தேடுவது என்று நாட்கள் போயின. ஐம்பது நாள் உடை மாற்றவில்லை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். நடுவில் கணவருக்குச் சற்றுத் தெளிவு வந்தபோது, சிறையிலிருந்த அதிகாரிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கப்பட்டது. அவர் கப்பலைச் சொன்ன திசைக்கு மாறாகச் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். கண்டுபிடித்தது மேரிதான். அதிகாரி மீண்டும் சிறைக்குப் போனார்.

நவம்பர் 15, 1856. நியூயார்க்கை விட்டு நான்கரை மாதங்களுக்குப் பிறகு ‘நெப்டியூன்ஸ் கார்’ சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. சரக்கு பத்திரம். கப்பல் பத்திரம். காப்பீட்டு நிறுவனத்தார் அவருக்கு ஆயிரம் டாலர் அன்பளிப்பு அனுப்பினார்கள். ஒரு மனைவி செய்ய வேண்டிய கடமையைத்தான் செய்தேன் என்று மேரி பதில் எழுதினார். மறுவருடம் மார்ச்சில் மகன் பிறந்தான். ஜூலையில் கணவர் இறந்தார். 1861-ல், 24 வயது நிறையும் முன்பே, மேரியும் காசநோயில் போய்விட்டார். அமெரிக்க வணிகக் கப்பல் பயிற்சிக் கழகம் இருக்கும் கிங்ஸ் பாயின்ட்டில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இருக்கிறது.

மேரியின் வீரத்தைப் புகழ்பவர்கள் பலர். எனக்கு அவருடைய முதல் பயணம்தான் பெரிதாகப் படுகிறது. அந்த மாதங்களில், தேவையே இல்லாதபோது, அவர் கற்றுக்கொண்டார். கேப் ஹார்னில் உட்கார்ந்து பாடம் படிக்க முடியாது.

இழந்த பிறகும், இழக்கும் முன்பும்

இங்கிலாந்தின் ஆன் டேவிசன் கதை வேறு மாதிரி. அவரும் கணவர் ஃபிராங்கும் ‘ரிலையன்ஸ்’ என்ற எழுபது அடிப் பழைய படகை வாங்கிச் சீர்படுத்தினார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 1949-ல் கடன்காரர்களுக்குத் தப்பிக் கடலுக்குப் போனார்கள். போர்ட்லேண்ட் முனைக்கு அருகே படகு பாறையில் மோதி உடைந்தது. உயிர்காப்பு மிதவையில் ஃபிராங்க் இறந்தார். ஆன் கரை சேர்ந்தார்.

இதற்குப் பிறகு கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆன், 23 அடி நீளமே உள்ள ‘ஃபெலிசிட்டி ஆன்’ என்ற சிறிய படகில் 1952 மே மாதம் பிளிமத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். கேனரி தீவுகளிலிருந்து நவம்பர் 20-ம் தேதி கிளம்பி, 1953 ஜனவரி 23-ம் தேதி கரீபியக் கடலின் டொமினிக்கா தீவில் கால் வைத்தார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் படகில் கடந்த முதல் பெண் அவர்தான்.

நியூசிலாந்தின் நவோமி ஜேம்ஸ் முடிதிருத்தும் கலைஞராக இருந்தவர். 1975-ல் பிரான்சில் ராப் ஜேம்ஸ் என்ற படகோட்டியைச் சந்திக்கும்வரை அவருக்குக் கடலோடு பழக்கமில்லை. கடல் குமட்டலும் உண்டு. ராப்பைத் திருமணம் செய்துகொண்டார், கடலைக் கற்றுக்கொண்டார். 1977 செப்டம்பரில் டார்ட்மத்திலிருந்து தனியாகக் கிளம்பி 272 நாட்களில் உலகைச் சுற்றி 1978 ஜூனில் திரும்பினார். கேப் ஹார்ன் வழியாகத் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண். இரண்டே வருடத்தில் கற்ற வித்தை அது. 1982-ல் கணவனும் மனைவியும் சேர்ந்து பிரிட்டனைச் சுற்றிவரும் பந்தயத்தில் வென்றார்கள்.

அடுத்த மார்ச்சில் ராப், பந்தயத்தில் ஓட்டிய அதே படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்து இறந்தார். நவோமி அப்போது நிறைமாதக் கர்ப்பிணியாகக் கரையில் இருந்தார். எப்பேர்ப்பட்ட கடலோடியும் விழுவார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சத்தம் போடும் துறை

சரி, பெண்களால் முடியும் என்றால் சிக்கல் எங்கே? படகுகள் வந்து கட்டும் துறையில் ஒரு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். படகு உள்ளே வருகிறது. கணவர் சுக்கானைப் பிடித்திருக்கிறார். மனைவி முன்பக்கத்தில் கயிறும் கையுமாக நிற்கிறார். காற்று படகைத் தள்ளுகிறது. “குதி! குதி! கட்டு! அங்கே இல்ல, இங்கே!” அவர் குதிக்கிறார். கயிறு எட்டவில்லை. படகு பக்கத்துப் படகில் மோதுகிறது. மொத்தத் துறையும் வேடிக்கை பார்க்கிறது. அன்றிரவு படகுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இருவரும் காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொள்ளும் ரேடியோ கருவி ஒன்று விற்கிறது. கடலோடிகள் அதை ‘மணவாழ்வைக் காப்பாற்றும் கருவி’ என்றே சொல்கிறார்கள்.

இதில் வேலைப் பங்கீடே தலைகீழ். கயிறு இழுப்பதற்கும், நங்கூரம் தூக்குவதற்கும், கரைக்குத் தாவுவதற்கும்தான் உடல் பலம் வேண்டும். சுக்கான் பிடிப்பதற்கு வேண்டியது கண்ணும் நிதானமும். பலசாலி ஆள் சுகமாகச் சக்கரத்தைப் பிடித்து நிற்க, மெலிந்தவர் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார். அனுபவமுள்ள தம்பதிகள் பலர் இதை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மனைவி சுக்கானில், கணவர் கயிற்றில். சத்தமும் குறைந்தது.

குதிக்கவே வேண்டாம் என்பது இன்னொரு பாடம். படகின் நடுவில் உள்ள கட்டையிலிருந்து ஒரே ஒரு கயிற்றை முதலில் கரையில் மாட்டி, இன்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டு, சுக்கானைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். படகு முன்னே போகப் பார்க்கும், கயிறு விடாது. அந்த இழுபறியிலேயே படகு கரையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டிக்கொள்ளலாம். ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை இது.

பலம் இல்லையே என்ற பேச்சும் அப்படித்தான். பாய்க்கயிறு இழுக்கும் வின்ச் என்ற உருளையில் 40 என்று எண் போட்டிருந்தால், கைப்பிடியில் கொடுக்கும் விசை கணக்குப்படி நாற்பது மடங்காகிறது. தேய்மானத்தில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

நம் ஊரில் கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து இருக்கையில் அவர் பிரேக்கே இல்லாத இடத்தில் காலை அழுத்துவார், “பார்த்து, பார்த்து” என்று பதறுவார். மூன்றாம் நாள் இவர் சாவியைத் தூக்கி வைத்துவிடுவார். அதே பெண் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஓட்டுவார். படகிலும் இதேதான். வெளி ஆளிடம், வேறு படகில், கணவர் இல்லாமல் கற்றுக்கொள்வதே நல்லது.

குறை கணவர்களிடம் மட்டும் இல்லை. ‘அதெல்லாம் அவர் பார்த்துப்பார்’ என்று ஒதுங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. நடுக்கடலில் அந்தச் சுகத்துக்கு விலை அதிகம்.

அந்த முதல் நிமிடம்

மீண்டும் அந்த முப்பத்தைந்து அடிப் படகுக்கு வருவோம். அவர் விழுந்துவிட்டார். இவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

முதலில், கையில் கிடைத்த மிதக்கும் பொருளையெல்லாம் தூக்கி எறிய வேண்டும். அது அவர் பிடித்துக்கொள்ள மட்டும் அல்ல, இடத்தைக் காட்டும் அடையாளமும்கூட. ஜி.பி.எஸ். கருவியில் ஆள் விழுந்ததைக் குறிக்கவென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அந்த இடம் பதிவாகிவிடும். பிறகு படகை நிறுத்த வேண்டும். பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புவதுதான் பிரேக். பாய் காற்றை இழந்து படபடக்கும், வேகம் செத்துவிடும். இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி உயிர் கையில் இருக்கிறது.

ரேடியோவில் சிவப்புப் பொத்தான் ஒன்று மூடிக்கு அடியில் இருக்கும். மூடியைத் தூக்கி, சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், ஜி.பி.எஸ்ஸோடு இணைக்கப்பட்ட கருவி படகின் இடத்தையும் ஆபத்துச் செய்தியையும் தானே அனுப்பும். பிறகு 16-ம் அலைவரிசையில் ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நடந்தது என்ன, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். இன்ஜினைக் கிளப்பும் முன், தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் அதோடு முடிந்தது.

குளிர்ந்த கடலில் நேரம் குறைவு. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். சுமார் பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். குளிர்க்கடல் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரும் கணக்கு இது.

அவரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் கடினமான கட்டம். நனைந்த உடையோடு தொண்ணூறு கிலோ எடையுள்ள ஆளை ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண் எப்படி மேலே ஏற்றுவார்? கணவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, தூக்க வழியில்லாமல் மனைவி கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்க நேர்வதுதான் இதில் பெரிய கொடுமை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கடலோடிகள் இதற்கென்றே ‘லைஃப்ஸ்லிங்’ என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். நீளமான கயிற்றின் நுனியில் மிதக்கும் பட்டை ஒன்று. கயிற்றை இழுத்துக்கொண்டு படகு அவரைச் சுற்றி வட்டமிட்டால் பட்டை தானாக அவர் கைக்கு வரும். அக்குளில் மாட்டிக்கொள்வார். படகை நிறுத்தி, பாய்மரத்திலிருந்து தொங்கும் கப்பிக் கயிற்றில் பட்டையைக் கோத்து, வின்ச்சால் சுற்றினால் கணவர் கிணற்று வாளி போல மேலே வருவார். பலமே இல்லாத ஒருவர் தனியாக இதைச் செய்ய முடிய வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்புக்கே அடிப்படை.

அவர் கிடைக்கவே இல்லை என்றால்? 1983-ல் டாமி ஓல்டம் என்ற 23 வயதுப் பெண்ணும் அவருடைய வருங்காலக் கணவர் ரிச்சர்ட் ஷார்ப்பும் வேறொருவரின் 44 அடிப் படகைத் தஹிதியிலிருந்து சான் டியாகோவுக்குக் கொண்டுபோனார்கள். ரேமண்ட் புயலில் சிக்கிப் படகு கவிழ்ந்து நிமிர்ந்தது. டாமி கண்விழித்தபோது ஒரு நாளுக்கும் மேல் ஆகியிருந்தது. ரிச்சர்ட் இல்லை. பாய்மரங்கள் முறிந்து கிடந்தன, இன்ஜின் ஓடவில்லை. மிச்சமிருந்த துணியில் ஒரு பாய் கட்டி, செக்ஸ்டன்டையும் கைக்கடிகாரத்தையும் வைத்து வழி கணக்கிட்டு, 41 நாட்களில் சுமார் 1,500 மைல் ஓட்டி ஹவாயின் ஹைலோ துறைமுகத்தை அடைந்தார். அவர் அந்தப் படகில் பயணியாக மட்டும் வந்திருந்தால் நமக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

நம் பக்கத்துக் கடலில்

இதெல்லாம் உல்லாசப் படகு வைத்திருக்கும் யாரோ பணக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் திருச்சூர் மாவட்டம், சேற்றுவா. 2004 சுனாமிக்குப் பிறகு, கார்த்திகேயன் என்ற மீனவரின் சிறு படகில் வேலைக்கு வர ஆள் இல்லாமல் போனது. ஓர் ஆளால் வலையும் இழுத்துப் படகும் ஓட்ட முடியாது. நான்கு பெண் குழந்தைகள் உள்ள வீடு. மனைவி கே.சி. ரேகா படகில் ஏறினார். பெண் கடலுக்குப் போவதா என்ற முணுமுணுப்புகள் நடுவே ஏறினார். வலை விடவும் படகு ஓட்டவும் பழகினார். மாநில மீன்வளத் துறை அவருக்கு உரிமம் கொடுத்தது. ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2017-ல் அவரைக் கௌரவித்தது.

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகு கிளம்பியது. உள்ளே இருவர் மட்டுமே: கோழிக்கோட்டின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியின் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. நம் தமிழ் மண்ணின் பெண். கேப் ஹார்னைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29-ம் தேதி திரும்பினார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் முழுப் படகுக்கும் தலைவர். இருவர் போகும் படகு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் அளவுகோல். அந்த இருவர் கணவன் மனைவியாக இருந்தால் மட்டும் அளவுகோல் மாற வேண்டிய அவசியம் என்ன?

இதைப் படிப்பவர்களில் கடலூரிலோ ராமேஸ்வரத்திலோ படகு வைத்திருப்பவர் இருக்கலாம். சிட்னியிலோ லண்டனிலோ வார இறுதிக்கு ஒரு சிறு படகு வாங்கிய தமிழ்க் குடும்பம் இருக்கலாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். காற்று குறைந்த ஒரு காலையில், கரைக்குப் பக்கத்திலேயே, சுக்கானை உங்கள் துணையிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் உட்காருங்கள். ஒரு மிதவையைத் தண்ணீரில் எறிந்து, ‘விழுந்தது நான்’ என்று சொல்லுங்கள். அதன் பிறகு வாயைத் திறக்காதீர்கள். அவர் அந்த மிதவையை எடுத்துப் படகில் போடும்வரை, எத்தனை சுற்று ஆனாலும், காத்திருங்கள்.